பால்கனியில் கிடந்த சாரி கார்டு

...இவ்வளவு நேரம் நம்ம குடியிருப்புல தண்ணி, பார்க்கிங், லிஃப்ட்னு பேசினோம். இப்ப ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. பின் வரிசையில போனைப் பார்த்துட்டு இருக்கிற அண்ணன்மாருங்க கொஞ்சம் நிமிர்ந்தா நல்லது. ஏன்னா இது ஒரு பைக் கதை.

ஓசூர்ல ஒரு புருஷன் பொண்டாட்டி. அவர் பேரு இசக்கிராஜா, அந்தப் பொண்ணு பேரு பொன்செல்வி. ரெண்டு பேருக்கும் ஊரு சங்கரன்கோவில் பக்கம். வேலைக்காக இங்க வந்தவங்க. மூணாவது மாடி வாடகை வீடு, கையில எட்டு மாசக் குழந்தை. அவர் கம்பெனிக்குப் போயிட்டா அந்தப் பொண்ணு யார்கிட்டப் பேசும்? பால்காரர் வந்தா "ஒரு பாக்கெட்". குழந்தைகிட்ட நாள் முழுக்கப் பேசும்... குழந்தை திருப்பிப் பேசுமா?

அவரும் கவனிச்சார். இவ முகம் வாடிக்கிட்டே போகுதே, சாயங்காலமானா வெளியில கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சு ஒரு பைக் வாங்கினார். பழைய காலத்து ஸ்டைல். உருண்டை ஹெட்லைட்டு, தாழ்வான சீட்டு, அகலமான ஹேண்டில். பறக்கிற வண்டி இல்ல. சாய்ஞ்சு உட்கார்ந்து, டுப்பு டுப்புன்னு ஊரைப் பார்த்துட்டே போற வண்டி. விலையும் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை.

ஷோரூம்ல பூ போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சு. அப்ப மெக்கானிக் கேட்டார்: "சார், இந்த சாரி கார்டைக் கழட்டிரலாமா? எல்லாரும் கழட்டச் சொல்லுவாங்க. லுக்கே மாறிடும்."

சாரி கார்டு தெரியும்ல? பின்சக்கரத்துல சேலை சிக்காம இருக்க ஒரு கம்பி வலை, கீழே ஒரு பக்கமா உட்கார்றவங்க கால் வைக்க ஒரு தட்டு. இசக்கிராஜா தள்ளி நின்னு வண்டியைப் பார்த்தார். "ஆமாங்க... கழட்டிருங்க."

அதை ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனி மூலையில போட்டார். மறந்தார்.

முதல் நாள் சாயங்காலம் பொன்செல்வி புதுச்சேலை கட்டி இறங்குச்சு. சிசேரியன் ஆன உடம்பு, ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார இடுப்பு விடல. ஒருபக்கமா உட்கார்ந்துச்சு. ஒரு கையில குழந்தை, ஒரு கையில முந்தானை. பிடிச்சுக்க மூணாவது கை ஏது? கால் அந்தரத்துல தொங்குது, பக்கத்துலயே சக்கரம் சுத்துது. குழந்தையைத் தூக்கிட்டு ரோட்டைக் கடந்தாலே எனக்கெல்லாம் நெஞ்சு அடிச்சுக்கும். அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஏரியைச் சுத்தி வந்து நிறுத்தினார். எப்படி இருக்குன்னு ஆசையா கேட்டார். நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு.

மறுநாள், பாப்பாவுக்குச் சளி. அடுத்த நாள், துணி மடிக்கணும். அப்புறம் காரணம் சொல்றதையும் விட்டுருச்சு. "நீங்க போயிட்டு வாங்க."

அவரும் போனார். தனியா ஏரியைச் சுத்தினார், தனியா டீ குடிச்சார். ரெண்டு பேருக்கு வாங்கின வண்டியில பின்சீட்டு காலியா வருது. இவளுக்கு இந்த ஊர் பிடிக்கலையா... இல்ல, என்னையேதான் பிடிக்கலையா? மேல பால்கனியில அந்தப் பொண்ணு நிக்குது. சத்தம் தெருமுனை தாண்டிப் போறதைக் கேட்கும். திரும்பி வர்ற வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டே நிக்கும். யோசிச்சுப் பாருங்க... ஒரே வண்டி. கீழ ஒரு தனிமை, மேல ஒரு தனிமை.

ஒருநாள் சாயங்காலம் திடீர்னு மழை. துணி எடுக்க அவர் பால்கனிக்கு ஓடினார். குழந்தையோட குட்டிக் குட்டி சாக்ஸ், தொப்பி எல்லாம் ஒரு கம்பி மேல வரிசையா காயுது. ஒவ்வொண்ணா எடுக்க எடுக்க, கம்பி வலை தெரியுது... அடியில கால் வைக்கிற தட்டு தெரியுது.

"செல்வி, இது நம்ம வண்டியோடதுல்லா?"

"ஆமா. எனக்குன்னு இருந்தது."

"உனக்குன்னா?"

அந்தப் பொண்ணு குழந்தையைத் தோள் மாத்திப் போட்டுக்கிட்டு மெதுவாச் சொல்லுச்சு: "என் மூஞ்சியைப் பார்க்காத கம்பெனிக்காரன், இவ கால் எங்க வைப்பான்னு யோசிச்சு ஒரு இடம் வச்சு அனுப்பியிருக்கான். நீங்க அதைக் கழட்டிட்டு வண்டியைக் கொண்டுவந்து, எனக்காக வாங்கினேன்னு சொன்னீங்க."

அவர் அந்தத் தட்டைக் கையில எடுத்தார். ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கேட்டார். "நீங்க வண்டியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்க்கிறீங்க. அழகா இருக்குன்னு ஊருக்கெல்லாம் போன் பண்றீங்க. அதுல போய் நான் என்னத்தச் சொல்ல?"

மறுநாள் வேலை முடிஞ்சு வரும்போது வண்டியில சாரி கார்டு இருந்துச்சு. லுக்கு போச்சு. கூட வேலை பாக்குறவங்க, என்னப்பா பைக்கு குடும்பஸ்தன் ஆயிருச்சான்னு கிண்டல் பண்ணாங்க. பண்ணட்டும். அன்னைக்கு பொன்செல்வி தட்டுல காலை ஊன்றி, ஒரு கையில குழந்தையை அணைச்சு, மறுகையால அவர் தோளைப் பிடிச்சு உட்கார்ந்துச்சு. எப்படி இருக்குன்னு மறுபடி கேட்டார். இந்தத் தடவை நல்லா இருக்குன்னு சொல்லல.

"இன்னும் கொஞ்சம் மெதுவாப் போங்க, ஊரைப் பார்த்துட்டே வர்றேன்."

கதை அவ்வளவுதாங்க. இதை ஏன் சொன்னேன்? நம்ம பிளாக்குலயே எத்தனை பால்கனியில எத்தனை பேரு நிக்கிறாங்க... எனக்குத் தனியா இருக்குன்னு யாராவது வாய்விட்டுச் சொல்வாங்களா? சொல்ல மாட்டாங்க. "நீங்க போயிட்டு வாங்க"ன்னுதான் சொல்வாங்க. அந்த வார்த்தை காதுல விழுந்தா, அவங்களுக்குப் பிடிக்கலைன்னு முடிவு கட்டிடாதீங்க. அவங்களுக்குன்னு இருந்த எதை நாம கழட்டி வச்சோம்னு தேடுங்க. முன் வரிசையில இருக்கிற பெண்களே, நீங்களும் சாக்ஸ் காயப் போட்டது போதும். வாயைத் திறந்து சொல்லுங்க.

கூட்டம் முடிஞ்சு கீழ போய் வண்டியை எடுப்பீங்க இல்லையா... ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒருதடவை பின்னால திரும்பிப் பாருங்க. ஏறப் போறவங்க கால் வைக்க இடம் இருக்கான்னு பாருங்க.