கிளட்ச்சுமேல ரெண்டு விரல்

பெட்ரோல்ல ஆயில் கலக்குறதுன்னா எங்க ஷெட்டுல என் கைதான் சார். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து போனாத்தான் பிஸ்டன் வழுக்கிக்கினு ஓடும். கொறைஞ்சா சூடேறி, அசையாம இறுகிப் புடிச்சுக்கும். "சக்கரபாணி அண்ணன் கலந்தா கண்ண மூடிக்கினு ஊத்தலாம்"னு துரைக்கண்ணு எல்லார்கிட்டயும் சொல்லுவான். திண்டிவனத்துல அவனும் நானும் பதினோரு வருஷம் ஒரே ஷெட்டு.

எண்பத்தாறுல எங்களுக்கு ஒரு கிறுக்கு புடிச்சுது. சின்ன இஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தி ஏத்தினா எவ்ளோ வேகம் வரும்னு பார்க்கணும். நான் சூப்பர்சார்ஜர் கட்சி. இஞ்சின் தண்டுலேர்ந்தே பெல்ட் போட்டு ஊதுற விசிறிய சுத்த வெச்சேன். அவன் டர்போ கட்சி. வெளிய போற புகையே விசிறிய சுத்தட்டும்னான். புகைக்கு என்னாடா பலம்னு நான் சிரிச்சேன்.

செஞ்சி ரோட்டுல ரெண்டு வண்டியும் வுட்டுப் பார்த்தோம். டூ ஸ்ட்ரோக்குல காத்து உள்ள வர்றப்ப புகை போற வழியும் தொறந்தேதான் கெடக்கும். நான் அழுத்தி ஏத்துன பெட்ரோலெல்லாம் எரியாமலே சைலன்சர் வழியா ஓடிப்போச்சு. அவன் விசிறி அந்த வழியில குறுக்க நின்னு தடுத்துச்சு. அவன் வண்டி பறந்துச்சு, என்னுது கக்கிக்கினு நின்னுச்சு. "அண்ணன் புடிச்ச மொயலுக்கு மூணே கால்"னு தோள்ல தட்டினான். அவன் பொஞ்சாதி பூமாலை கூட முந்தானையால வாயப் பொத்திக்கினு சிரிச்சுது. எனக்கு வயிறு எரிஞ்சுது. அத மறைக்கல.

விழுப்புரத்துல ஒரு வண்டிக் கடைக்காரர் டர்போவைப் பார்க்கணும்னு சொல்லியனுப்பினாரு. டேங்கை நான்தான் ரொப்பினேன். வெறும் பெட்ரோல். மெழுகுவர்த்திச் சாயம் கொஞ்சம் கரைச்சேன், ஆயில் கலந்த நெறம் வந்துடுச்சு. நடுரோட்டுல பிஸ்டன் புடிச்சுதுன்னா டர்போ ஆவாதுன்னு ஊரே சொல்லும்.

ஆனா அவன் திரும்பி வந்தா இஞ்சினைப் பிரிப்பான். ஆயில் இல்லன்னு அஞ்சு நிமிசத்துல கண்டுபுடிச்சுடுவான், அவ்ளோ நல்ல மெக்கானிக்கு. பிஸ்டன் புடிச்சா பின்சக்கரம் அப்பிடியே நின்னுடும். அதுக்காகத்தான் எங்க ஆளுங்க ஓட்டுறப்ப கிளட்ச்சுமேலயே ரெண்டு விரல் வெச்சிருப்பாங்க. புடிச்ச நொடி இழுத்தா இஞ்சின் புடி வுட்டு சக்கரம் சுத்தும், ஆளு பொழைப்பான். அதனால கிளட்ச் கேபிளையும் பார்க்க வேண்டியதாச்சு. நீங்க எடுத்து வெச்சிருக்கிற அதே கேபிள்தான். வெளிய தெரியாத எடத்துல அரத்தால ராவி, நாலு இழை மட்டும் வுட்டேன். மெதுவா கியர் மாத்த தாங்கும். வெடுக்குன்னு இழுத்தா தாங்காது.

கெளம்புறப்ப பூமாலையும் பின்னால ஏறுச்சு. ஏழு மாசம், விழுப்புரம் ஆசுபத்திரியில காட்டணுமாம். "அண்ணே, வண்டி எதுனா பேஜாரு பண்ணுமா?"ன்னு என்னைத்தான் கேட்டுது.

"தைரியமா போம்மா"ன்னேன்.

விக்கிரவாண்டி தாண்டித்தான் புடிக்கும்னு நெனைச்சிருந்தேன். ரெண்டு பேர் பாரம், ஜல்தியா சூடாயிடுச்சு. கூட்டேரிப்பட்டுலயே புடிச்சுது. வுழுந்தவங்க மேல ஏத்துன லாரிக்காரர் பேர்ல தப்பு இல்ல சார், பின்னாலயே வந்தாரு, அவரை வுட்டுடுங்க. நான் போய்ப் பார்த்தேன். துரைக்கண்ணு கையில ரெண்டு விரல் மடங்கினபடியே இருந்துச்சு.

எல்லாம் நான்தான் செஞ்சேன், கையெழுத்துப் போடுறேன். ஒண்ணு மட்டும் சேர்த்து எழுதிக்குங்க. என் சூப்பர்சார்ஜரைப் போட்டுக்கினு போயிருந்தா அந்த வேகமே வந்திருக்காது. மூணு உசுரும் பொழைச்சிருக்கும். டர்போ ஆவாதுன்னு நான் அப்பவே சொன்னேன் சார், அவன்தான் கேக்கல.