பிளாரன்ஸ் இருக்கிற பிலிம்

வீட்டுக்குள் படம் எடுக்க எனக்கு ஃபிளாஷ் பிடிக்காது சார். முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். நானூறு வேகக் கறுப்பு வெள்ளை பிலிம் போதும். அதையே ஆயிரத்து அறுநூறு என்று கேமராவில் வைத்து எடுப்பேன், கழுவும்போது நேரத்தைக் கூட்டிக்கொள்வேன். படத்தில் லேசாக மணல் தூவியது போலிருக்கும், இருக்கட்டுமே. ஜன்னல் வெளிச்சத்தில் மனுஷ முகம் மனுஷ முகமாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுருள் முழுக்க என் மனைவி பிளாரன்ஸைத்தான் எடுத்தேன். அவள் நர்ஸ். மறுநாள் குவைத்துக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி அடுக்கிக்கொண்டே, "மூஞ்சியத் தூக்காதீங்க, ரெண்டு வருசத்துல வந்துருவேம்லா" என்று சிரித்தாள். அப்படிச் சொல்லிப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர்.

எங்களுக்குக் குளியலறைதான் டார்க்ரூம். கதவிடுக்கில் துணி செருகி, விளக்கை அணைத்து, கையால் தடவித்தான் பிலிமை வெளிச்சம் புகாத டேங்குக்குள் ஏற்ற வேண்டும். அதுவரை பொட்டு வெளிச்சம் பட்டாலும் எல்லாம் போச்சு. மூடியைத் திருகிவிட்டால் நடுத்தெருவில் வைத்துக்கூடக் கழுவலாம். அவளுக்கும் தெரியும். என்னைக் கேட்காமல் கதவைத் தொடவே மாட்டாள்.

துறைமுகத்து நிலக்கரித் தூசு காற்றில் வந்தாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். அன்றும் வந்தது. மருந்து குளியலறை அலமாரியில் இருந்தது.

"ஏங்க, பிலிம ஏத்தியாச்சா? மூச்சு முட்டுது. பஃப் உள்ளதான் இருக்கு."

"இன்னும் இல்ல பிளாரன்ஸ். கொஞ்சம் பொறு."

"சரிங்க" என்றாள்.

பொறுத்தாள் சார். என் படங்கள் கெட்டுவிடக் கூடாது என்று பொறுத்தாள். பிறகு கதவில் நகம் உரசியது. மறுபடியும் பொறு என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

டேங்க் என் மடியில்தான் இருந்தது. அவள் கூப்பிடுவதற்கு முன்பே மூடியைத் திருகியிருந்தேன். இழுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தால் பயணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பாவி, அது நின்றால் போதும் என்றிருந்தது. இருட்டிலேயே பிலிம் மருந்தை டேங்கில் ஊற்றி, கழுவி முடித்துத்தான் கதவைத் திறந்தேன். வாசலிலேயே சாய்ந்து கிடந்தாள்.

நெகட்டிவ் இன்னும் அங்கே கொடியில் தொங்குகிறது. உங்கள் கான்ஸ்டபிள்களைத் தூசு படாமல் எடுக்கச் சொல்லுங்கள் சார். பிளாரன்ஸுக்குத் தூசு ஆகாது.