நீட்டிய கை

பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தேன், நீங்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். மறைக்க நினைத்து அல்ல, இன்ஸ்பெக்டர். அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நாற்பத்தாறு வருடம் ஆகிறது. ஹெஸ்டர் பக்கிள். எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் எந்த வீட்டுப் பிள்ளையை வளர்க்கிறோமோ அந்த வீட்டுப் பெயர்தான் எங்களுக்கும். லண்டன் பூங்காவில் தள்ளுவண்டிகளோடு வரிசையாக உட்கார்ந்திருப்போம், அங்கே நான் ஹால்டன் ஆயா. சர், லார்ட் என்று பட்டம் இருக்கிற வீட்டு ஆயாவுக்கு வெயில் விழுகிற பெஞ்சு. வெறும் வக்கீல் வீட்டு ஆயா என்றால் எழுந்து நகர்ந்துவிட வேண்டும். நான் யாரையும் நகரச் சொன்னதில்லை. அவர்களாகவே நகர்ந்தார்கள்.

சர் ஜெர்வேஸ் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "என் மகன் கையில் பால் கோப்பையைக் கொடுத்தது நான்தான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். பொய் இல்லை அது. ஆனால் பாதிதான். மீதியைச் சொல்லத்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டு மூன்று மைல் நடந்தே வந்தேன்.

அவரையும் நான்தான் வளர்த்தேன். உங்களுக்கு அவர் பிரிகேடியர், தாத்தா காலத்துப் பட்டம், மார்பு நிறையப் பதக்கம். எனக்கு அவர் மூன்று வாரக் குழந்தையாக, சிவந்த முகத்தோடு, என் மடியில் வந்தவர். அந்த வீட்டு மூன்றாம் மாடியில் எங்கள் இருவருக்கும் எட்டு வருடம். சாயந்திரம் ஐந்து மணிக்குத் தலை சீவி, சுத்தமான சட்டை போட்டு, கீழே கூடத்தில் பெற்றவர்களிடம் ஒரு மணி நேரம் காட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வருவேன். மீதி இருபத்து மூன்று மணி நேரம் என்னுடையது.

ஆயாவுக்கு அந்த வீட்டில் மேசை கிடையாது, அது உங்களுக்குத் தெரியுமா? குடும்பத்தோடு உட்கார முடியாது. வேலைக்காரர்களோடு உட்காரக் கூடாது. தட்டு மாடிக்கு வரும். சமையல்காரி டாப்செல் அதற்கே முணுமுணுப்பாள். "மேல இருக்கிற மகாராணிக்கு முட்டை ரொம்ப வெந்துபோச்சாம்" என்று அவள் சொல்வது சாப்பாட்டு லிஃப்டின் குழி வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்கும். குழந்தை இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. எதிரில் ஒருத்தர் முட்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எட்டு வயதில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தூரத்தில் எங்கோ, படுக்கை, சாப்பாடு எல்லாம் அங்கேயே. அவர்கள் வழக்கம் அது. ஜெர்வேஸ் கிளம்பிய அன்று என் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வந்தான். மாடிப்படியில் நான் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். அவன் இரண்டு படி கீழே நின்று, வலது கையை நீட்டி, "எப்படி இருக்கீங்க, ஆயா?" என்றான். நான் குலுக்கினேன். வேறு என்ன செய்வது? சில்லென்று, சின்னக் கனவானின் கை.

அதற்கப்புறம் இருபத்துமூன்று வருடம் அந்த மாடியில் துணிமணி தைத்துக்கொண்டு இருந்தேன், ஜெர்வேஸுக்குக் குழந்தை பிறக்கும் வரை. முதலில் ரோலண்ட். அவனும் எட்டு வயதில் போனான், அவனும் கை நீட்டினான். கடைசியில் பார்னபி. அவனுக்கு மூன்று வயதானபோது அம்மா ராவல்பிண்டியில் காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா பட்டாளத்தோடு அங்கேயே. ஆக, பார்னபிக்கு நான், எனக்குப் பார்னபி. அவனுக்கு முன்னால் இருந்தவர்களிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. தூங்கும்போதுகூட என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்.

ஏழு வயதில் கல்லறைப் பக்கத்து மரத்துச் சிவப்பு விஷப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். குழந்தைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் வாந்தி எடுக்கவைக்கிற பழுப்பு மருந்து ஒரு புட்டி இருக்கும். கொடுத்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளும் என் மடியிலேயே கிடந்தான். அந்த இரண்டு நாள் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்பதைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

அடுத்த செப்டம்பரில் பெட்டி வந்தது. கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளை எழுத்தில் பி. ஹால்டன், பக்கத்தில் பள்ளிக்கூட எண், நாற்பத்தேழு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பழுப்பு மருந்தைப் பாலில் கொஞ்சம் கலந்தேன். நிறைய இல்லை. குளிர் அடிக்குமே என்று குழந்தைக்குக் கம்பளிச் சட்டை போடுகிற மாதிரிதான். டாக்டர் வந்தார், வயிறு சரியில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடமும் அப்படியே. நடுநடுவே வசந்தத்தில், ஈஸ்டருக்கு முன்னால், சும்மா ஒரு தரம் கொடுப்பேன். செப்டம்பரில் மட்டும் வந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும் இல்லையா?

ஒன்பது வயதில் டாக்டர் அவன் நெஞ்சில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, ஓடவிட வேண்டாம் என்றார். எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. பாருங்கள், இவ்வளவு பலவீனமான பிள்ளையைத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப இருந்தார்கள்.

அவனுக்குப் போக வேண்டும் என்றுதான் ஆசை. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துதான் படிப்பான். பள்ளிக்கூட டையை முட்டி மேல் கட்டிக் கட்டிப் பழகுவான். விடுமுறைக்கு ரோலண்ட் வந்தால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சீண்டுவான்.

"என்னடா நாற்பத்தேழு, படுக்கையில படுத்துக்கிட்டே பிரிகேடியர் ஆகிடலாம்னு பாக்கறியா?"

"போடா. நான் வந்தேன்னா உன் மட்டையத்தான் மொதல்ல எடுப்பேன்."

"மட்டையத் தூக்க முடியுமா உன்னால? ஸ்பூனே கனமா இருக்குன்னுவ."

பார்னபி சிரிப்பான். ரோலண்ட் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். நான் இருக்கிறேனே என்பேன். "ஆமா ஆயா" என்பான். நல்ல பிள்ளை.

இந்த வருடம் அப்பாவே விடுப்பில் வந்துவிட்டார். நோயோ நோவோ, இந்தத் தடவை போகிறான், அங்கேயும் டாக்டர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். தானே காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. போன செவ்வாய் காலை கிளம்ப வேண்டும். திங்கள் சாயந்திரம் ஆறு மணிக்கு, நான் பாலோடு நுழையும்போது, சர் ஜெர்வேஸ் மாடிக்கு வந்திருந்தார். தான் சின்ன வயதில் உட்கார்ந்த குட்டி நாற்காலியில், முழங்கால் தாடைக்கு வர, உட்கார்ந்திருந்தார்.

பார்னபி கோப்பையைப் பார்த்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்தான்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?" பெற்ற அப்பாவை அந்த வீட்டுப் பிள்ளைகள் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். "இந்தப் பாலக் குடிச்சாத்தான் எனக்கு உடம்புக்கு வருது. நான் கணக்கா கவனிச்சுப் பாத்தேன். இன்னைக்கு மட்டும் வேண்டாமே."

நான் கோப்பையை நீட்டியபடியே நின்றேன். சர் ஜெர்வேஸ் என்னைப் பார்க்கக்கூட இல்லை. முகம் சிவந்துவிட்டது, மகனுக்காக வெட்கப்பட்டு.

"பார்னபி, கோள் சொல்றது யாரு வேலை?"

"கோழைங்க வேலை, சார்."

"பள்ளிக்கூடத்துல இப்படிப் போய் நின்னேன்னா உன்னோட யாரும் பேச மாட்டாங்க. ஆயா என்னை வளத்தவங்க. அவங்க எது குடுத்தாலும் குடிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, சார்."

என் கையிலிருந்து கோப்பையை அவரே வாங்கி அவனிடம் நீட்டினார். அவன் ஒரே மூச்சில் குடித்தான், பட்டாளத்துக்காரன் மாதிரி. குடித்துவிட்டு, "மன்னிச்சிடுங்க, ஆயா" என்றான். மன்னித்தேன்.

உங்களிடம் சர் ஜெர்வேஸ் சொன்ன கோப்பை அது. இப்போது அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனாலும் என் பெயரைச் சொல்ல மாட்டார், தூக்கில் போட்டாலும் சொல்ல மாட்டார். கோள் சொல்லக் கூடாது என்று அவருக்கு நாலு வயதிலேயே சொல்லிக்கொடுத்தது நான்தான். நன்றாக வளர்த்திருக்கிறேன், இல்லையா?

ஆனால் அந்தக் கோப்பையால் அவன் சாகவில்லை. வாந்தி எடுத்தான், வெளுத்துப் போனான், அவ்வளவுதான். சர் ஜெர்வேஸ் பயணத்தை நிறுத்தவில்லை. செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானே டை கட்டி, தொப்பி போட்டுத் தயாராக நின்றான். பெட்டி கீழே போய்விட்டது. தரையில் அது இருந்த இடம் மட்டும் வெளிர் சதுரமாகத் தெரிந்தது. காரின் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. புட்டியில் இருந்த மிச்சம் முழுவதையும் அன்றைய காலைப் பாலில் ஊற்றியிருந்தேன். அவனால் கார் வரைக்கும் நடக்க முடியாது, அவ்வளவுதான் நினைத்தேன். சாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. கிறிஸ்துமஸைப் பற்றித்தான் நினைத்தேன்.

அவன் அதைக் குடித்தான். கீழே கார் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "அப்பா சொல்லியிருக்காரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குடித்தான். மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டான். பதினொரு மணிக்கு டாக்டர் அந்த இதயம் இனி அடிக்காது என்றார். கோப்பையை எடுத்து மோந்து பார்த்ததும் அவர்தான். அதுவரை அவனை நான் மடியில்தான் வைத்திருந்தேன். கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. விரல் விரலாகப் பிரித்தார்கள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். அவனை நான் கட்டாயப்படுத்தினேன் என்று டாப்செல் எல்லோரிடமும் சொல்கிறாளாம். நான் கோப்பையோடு போனபோது அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன், ஆயா" என்று சொல்லி வலது கையை நீட்டினான். நான் அதில் கோப்பையை வைத்தேன். பாலுக்காகத்தான் நீட்டினான், இன்ஸ்பெக்டர். மற்றவர்களைப் போல இல்லை என் பார்னபி. பால் வேண்டும் என்று அவனாகவே கையை நீட்டினான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.