ஒரே புத்தகம், பதினாலு காப்பி

இல்ல சார், விக்கிறதுக்கு இல்ல. எத்தினி தபா சொல்றது? காலையிலேயே பஸ்ஸப் புடிச்சு, இந்த வெயில்ல எறங்கி, உப்பளத்து வரப்பு மேல நடந்து வந்திருக்கீங்க, பாவமாத்தான் இருக்குது. அதுக்காகப் பாவம் பாத்துக் குடுக்குற சரக்கா இது? மொதல்ல உக்காருங்க. அந்த பெஞ்சு வேணாம், ஆணியெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்குது, வேட்டியக் கிழிச்சுடும். தோ, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஏ திரௌபதி, மெட்ராஸ்லேர்ந்து ஒரு சார் வந்திருக்காரு, மோர் இருந்தா கொண்டா.

யாரு சார் உங்களுக்கு என் வெலாசம் குடுத்தது? மூர் மார்க்கெட்டு சிங்காரமா? நெனச்சேன். பழைய புஸ்தகக் கடைன்னு போட்டுக்கினு அவன் பண்றது பூரா வம்பு. அவன் வாயில மண்ணப் போட. அவன்தான் சார் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்குனது. மொத காப்பி எட்டணாவுக்குக் குடுத்தான். பொட்டலம் கட்டப் போவ வேண்டிய புக்கு. நான் மறுபடி மறுபடி போயி அதே புக்கையே கேட்டேனா, அவனுக்கு மூக்குல வேர்த்துடுச்சு. மரக்காணத்துல உப்பு எடை போடுற குமாஸ்தா ஒருத்தன் இந்த ஒரு கதையவே தேடித் தேடி வாங்குறான், அப்ப இதுல என்னமோ இருக்குதுன்னு வர்றவன் போறவன் கிட்டல்லாம் சொல்லிட்டான். இப்ப டாக்டரு, வக்கீலு, நீங்க, எல்லாரும் முதல் பதிப்பு முதல் பதிப்புன்னு அலையுறீங்க. போன வருஷம் ஒரு காப்பிக்கு அறுவது ரூபா வாங்கிட்டான் சார் என் கிட்ட. அறுவது ரூபா! திரௌபதி மூணு நாள் எனக்குச் சோறு போடல.

நான் கண்டுக்காம வுட்டிருந்தா அந்தக் கதைய ஒரு நாயும் சீண்டியிருக்காது. ஒழிக்கணும்னு எறங்கி நானே அதுக்குக் கிராக்கி ஏத்திட்டேன். என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கினேன்.

ஆமா, ஒழிக்கணும்னுதான் சொன்னேன். சேக்குறதுக்கு இல்ல. நீங்க வேற. எனக்குக் கதைப் புஸ்தகம்னாலே ஆவாது.

நீங்க படிச்சிருப்பீங்களே, உப்பங்கழி மர்மம். கொள்ளைக்காரன் கப்பலு, பொதையலு, கழியில தோணி துரத்துறது, எல்லாம் ஜோராத்தான் இருக்கும். அதுல வர்ற வில்லன் யாரு? ஆங், ஆறு விரல் காசிலிங்கம். பகல்ல மொதலாளி உப்பக் காவல் காக்குறவன், ராத்திரியில அதையே தோணியில ஏத்தி அனுப்புறவன். ஹீரோவையும் காட்டிக் குடுத்துடுவான். ரெண்டாவது பதிப்புல அந்தப் பேர மாத்திட்டான், விரலையும் அஞ்சாக்கிட்டான். ஏன் மாத்துனான்னு தெரியல, எழுதுன மனுஷனுக்கே உறுத்துச்சோ இன்னாவோ. ஆனா முப்பத்தாறுல வந்த மொத பதிப்புல அப்படியே இருக்குது.

எங்கப்பா பேரு காசிலிங்கம் சார். இதே உப்பளத்துல காவல். வலது கையில ஆறு விரலு.

சிரிக்காதீங்க. சிரிக்கல? சரி, நான் தான் தப்பா பாத்துட்டேன், வுடுங்க. எவ்ளோ பேரு சிரிச்சுட்டாங்க, அதான்.

புக்கு வந்து ரெண்டு மாசம் இருக்கும். மொதலாளி வூட்டுக் கணக்குப்புள்ள அத்த எங்கியோ வாங்கியாந்து, சாயங்காலமானா உப்பு அம்பாரத்துப் பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிப்பாரு. உப்பு வார்ற பொம்பளைங்கல்லாம் சுத்தி உக்காந்து வாயப் பொளந்துக்கினு கேக்கும். எங்கப்பாவும் உக்காந்து கேட்டிருக்காரு சார், கம்பை மடியில வெச்சுக்கினு. கணக்குப்புள்ள ஆறு விரல் காசிலிங்கம்னு படிச்சாரு பாருங்க, அத்தினி பேரும் எங்கப்பா கையப் பாத்தாங்களாம். மறுநாளு மொதலாளி வேலையிலேர்ந்து தூக்கிட்டாரு. கதையில இருந்தா மாதிரியே தோணி, அதே கழி, அதே எடம். பொய்யின்னு சொல்ல வாய் வரல அவருக்கு. ஏன்னா பொய்யி இல்ல சார். மூணு தபாவோ நாலு தபாவோ ஏத்திவுட்டிருக்காரு. காவக்காரன் சம்பளத்துல எங்க அஞ்சு பேருக்கு எங்கேர்ந்து வரும்?

அதுக்கப்புறம் அவரு கீழ்புத்துப்பட்டு பக்கம் போயி மரம் வெட்டுனாரு. கைய எப்பவும் துண்டுக்குள்ளாறயே வெச்சிருப்பாரு. அம்பத்தெட்டுல செத்தாரு.

அதான் காரணம். கேட்டாச்சா? மோரக் குடிங்க.

இன்னா சார் பொரட்டிப் பொரட்டிப் பாக்குறீங்க? ஆமா, பதினாலும் அந்தப் பொட்டியிலதான் இருக்குது. உப்புக் காத்து, பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிஞ்சு பூட்டுது. மொதல் தாளா? முன்னுரை வர்ற தாளு இல்லியா? பூச்சி அரிச்சிருக்கும். இல்ல, அதுலயுமா? ஈரம் பட்டு வுட்டுப் போயிருக்கும் சார், பைண்டிங் அந்த லட்சணம். இதுலயும் இல்லதான். பதினாலுலயும் இல்ல, ஆமா, நீங்க ரொம்ப ஷார்ப்பு. பதினாலு புக்குலயும் பூச்சி அதே தாளைத் தேடிப் பாத்துத் திங்குமான்னா? ஏன், மரக்காணத்துப் பூச்சிக்கு அந்தத் தாளு ருசியா இருக்கக் கூடாதா?

கேள்விமேல கேள்வி கேக்குறீங்க சார். வாங்க வந்தீங்களா, வெசாரணை பண்ண வந்தீங்களா?

பையில இன்னாது? எடுக்க வேணாம். எடுக்காதீங்கன்னா... இது எங்க கெடச்சுது உங்களுக்கு? உங்க பெரியப்பா வூட்டு அலமாரியிலயா? அட்டை கூட போவல. தாளு இருக்குதா? காட்டுங்க. தூரமா வெச்சே காட்டுங்க, பரவால்ல, நான் புடுங்க மாட்டேன். இருக்குது. மொத்தமா இருக்குது.

சார், ஒண்ணு பண்ணலாம். இந்தப் பதினாலையும் எடுத்துக்கோங்க. எல்லாத்தையும். பணம் வேணாம். அந்த ஒண்ணு மட்டும் குடுத்துட்டுப் போங்க. ஏன் முழிக்கிறீங்க? பதினாலுக்கு ஒண்ணு சார், எவன் குடுப்பான் இப்படி? அந்தத் தாளு இல்லாத புக்கு உங்களுக்கு ஒதவாதா? அப்ப அந்தத் தாள மட்டும் கிழிச்சுக் குடுங்க, புக்க நீங்களே வெச்சுக்கோங்க. ஐயோ, கோவிச்சுக்காதீங்க, கிழிக்கச் சொன்னது தப்புதான். உக்காருங்க. உக்காருங்க சார், கையெடுத்துக் கும்புடுறேன்.

அலுத்துப் போச்சு சார் எனக்கு. ஆயிரம் காப்பி அடிச்சானாம். முப்பது வருஷமா ஓடி ஓடிப் புடிச்சது பதினாலு. ஒண்ணப் புடிச்சு முடிச்சேன்னு உக்காந்தா இன்னொண்ணு எவன் அலமாரியிலேர்ந்தாவது எழுந்து வருது. இன்னிக்கு நேரா என் வூட்டுக்கே பஸ் ஏறி வந்துடுச்சு.

முன்னுரைய எவன் சார் படிக்கிறான்? கணக்குப்புள்ள படிக்கல. நேரா கதைக்குப் பூட்டாரு. மொதலாளி படிக்கல. எங்கப்பாவுக்குப் படிப்பே கெடயாது. அதனால அவரு அவராவே ஒரு முடிவுக்கு வந்துட்டாரு, இதை வெளிய சொன்னது பலராமன்தான்னு. எங்கம்மாவோட தம்பி, என் மாமா. தோணி தள்ளுனது அவருதான், விஷயம் தெரிஞ்ச ஆளும் அவரு ஒருத்தருதான்னு எங்கப்பா கணக்கு. மாமா கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணாரு. எங்கப்பா நம்பல. அன்னிக்கோட பேச்சு நின்னுது, போக்குவரத்து நின்னுது. எங்கம்மா கூடப் பொறந்த தம்பிய வழியில பாத்தாக்கூட முந்தானைய இழுத்து மூஞ்ச மூடிக்கினு போவணும்.

அம்பத்தஞ்சுல அம்மா செத்தாங்க. மாமா பொறந்த வூட்டுக் கோடி எடுத்துக்கினு வந்தாரு. மஞ்சச் சேல, செவப்புக் கரை, தட்டுல வெச்சு ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு வாசல்ல நிக்குறாரு. பொறந்த வூட்டுச் சேலை போத்தாம எந்தப் பொம்பளைய சார் எடுப்பாங்க? எங்கப்பா உள்ளேர்ந்து, அவன் கைபட்டது என் வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு கத்துறாரு. வாசல்ல மறிச்சு நின்னு, எடுத்துக்கினு போங்க மாமான்னு சொன்னது நான். எனக்கு அப்ப முப்பது வயசு. அந்தத் தாளப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். அவரு கோடிய மடிச்சு இடுப்புல சொருவிக்கினு அந்த வரப்பு மேலயே திரும்பிப் போனாரு. அம்மாவ வெறுமனே எடுத்துக்கினு போனோம்.

பலராமன் மாமா இருக்காரு சார். எண்பது ஆவுது. எடை போடுற கொட்டகைக்கு அந்தாண்ட, கீத்துக் கொட்டாயி. கண்ணு சுத்தமாத் தெரியல. நான் தெனம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன். செருப்புச் சத்தம் கேட்டா யாருன்னு கேப்பாரு. நான் நிக்க மாட்டேன்.

எங்கப்பாவுக்கும் படிக்கத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அப்ப நான் யாருக்குப் பயந்து முப்பது வருஷமா கிழிச்சுக்கினு இருக்குறேன்? சொல்லுங்களேன், படிச்சவரு.

அந்த எழுத்தாளரு இங்க முசாபரி பங்களாவுல பத்து நாளு தங்கியிருந்தாரு சார். நல்ல மனுஷன். பெப்பர்மிட்டு குடுப்பாரு. உங்கப்பா இன்னா பண்றாருன்னு கேட்டாரு. எனக்குப் பத்து வயசு. எங்கப்பா மாதிரி தெகிரியசாலி இந்த ஜில்லாவுலயே கெடயாதுன்னு காட்டிக்கணும் எனக்கு. தோணி, கழி, ஆளுங்க வர்ற நேரம், ஒண்ணு வுடாம சொன்னேன். பெருமையாச் சொன்னேன் சார். அவரு வில்லனாக்குவாருன்னு எனக்குத் தெரியுமா? கடைசியில நன்றின்னு என் பேரையே போட்டுட்டாரு, மரக்காணத்துச் சிறுவன் அப்பாவுன்னு. மூணாவது வரி. பாருங்க, உங்க கையிலதான் இருக்குது.

வேணாம், என் கையில குடுக்காதீங்க. கைக்கு வந்தா கிழிச்சுடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

நாலு மணி பஸ்ஸுக்குத்தானே போறீங்க? கொட்டகைய ஒட்டித்தான் வழி. மாமா வாசல்லதான் கட்டில் போட்டு உக்காந்திருப்பாரு. ஒரு நிமிஷம் நின்னு அந்தத் தாள அவருக்குப் படிச்சுக் காட்டிட்டுப் போங்க சார். நான் வரல. பதினாலு புக்கையும் எடுத்துக்கோங்க. அப்பாவுன்னு வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிங்க, அவருக்குக் காதும் மந்தம்.