ஐசக் அசரியா இழுத்த கறுப்புக் கோடு

நான் நீட்டி முழக்குவேன் என்று தெரிந்தும் துணிந்து என் கையிலே மைக்கைக் கொடுத்திருக்கும் வாசகசாலைத் தலைவர் துளசிங்கம் அவர்களே! தோல் ஷெட்டிலிருந்து நேரே வந்து, உழைத்த வாசனையோடு உட்கார்ந்திருக்கும் பம்மல் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கம் நிறைத்திருக்கும் அன்புத் தாய்மார்களே! முன்வரிசையில் கையில் பழைய நோட்டோடு அமர்ந்திருக்கும் தபீதாள் டீச்சர் அவர்களே! அனைவருக்கும் இந்த ஏசுதாசனின் வணக்கம், வணக்கம்!

இதோ என் பக்கத்தில் பட்டுத் துணிக்குள்ளே ஒரு கல் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தலைவர் திறக்கப் போகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது? 'பம்மல் மண்ணில் தங்கம் கண்ட மேதை ஐசக் அசரியா.' செதுக்கியவர் அதோ கம்பத்தோரம் நிற்கும் கலீல் பாய். எழுதிக் கொடுத்தவன் யார்? நான்தான்!

யார் இந்த அசரியா? தொண்ணூறு ஆண்டுக்கு முன்னே இதே ஊரில் கல்லோடும் கனலோடும் காலம் கழித்த கனிம விஞ்ஞானி! கோவளத்துக்குப் போனவர் கோணி நிறையக் கறுப்பு மணலை அள்ளி வந்தார். மனைவி கேட்டாராம்: "மீன் வாங்கினு வான்னா மண்ணை வாரிக்கினு வந்துகீறியே!" சிரிக்கிறீர்கள்! அந்த மணலில் காந்தத்தை வைத்தார்; கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. இதிலே இரும்பு எடுப்பேன் என்றார். ஏழு முறை உலை கட்டினார். ஏழு முறையும் வெடித்தது. விட்டாரா? விடவில்லை!

அந்த நேரத்தில்தான் மலையடியில் கிணறு வெட்டும்போது மஞ்சளாய் மின்னும் கல் ஒன்று கிடைத்தது. வயநாட்டில் தங்கம், வயநாட்டில் தங்கம் என்று பட்டணமே பித்துப் பிடித்து அலைந்த காலம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த அசரியா கையில் கல்லைக் கொடுத்தார்கள். உரசிப் பார்த்தாரா? இல்லை! உருக்கிப் பார்த்தாரா? இல்லை! "தங்கம்!" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான்! கிணற்றைச் சுற்றியிருந்த பாறை நிலத்தை வாங்க, ஆறு குடும்பங்கள் ஏர்மாட்டை வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் விற்க முடிவு கட்டின.

வியாழக்கிழமைதான் அசரியா, உடைந்த பீங்கானின் சொரசொரப்பான ஓரத்தில் அந்தக் கல்லை உரசினார். தங்கமானால் மஞ்சள் கோடு விழ வேண்டும். விழுந்தது கறுப்புக் கோடு! உலையில் போட்டார், கந்தக நெடி கிளம்பியது, செந்தூள்தான் மிஞ்சியது. அது இரும்பும் கந்தகமும் கலந்த வெறும் கல்!

என்ன, பின்னால் ஒரு தம்பி, "அப்போ தங்கம் இல்லியா சார்?" என்கிறாரே! இல்லை தம்பி, குன்றிமணி அளவும் இல்லை!

மறுநாள் விடியலில் மாடுகள் சந்தைக்குக் கிளம்பின. பாதையை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றார் அசரியா. "நான் சொன்னது தப்பு! மாட்டை விற்காதீங்க!" ஊர் நம்புமா? "அன்னைக்கு கீதுன்னே, இன்னைக்கு இல்லேங்கிறே. நீயே அமுக்கிக்கலாம்னு பாக்கிறியா?" என்று சட்டையைப் பிடித்தார்கள். கூட வந்திருந்த மனைவியின் தங்க மோதிரத்தைக் கழற்றி வாங்கினார். பீங்கானில் அதை ஒரு இழுப்பு, கல்லை ஒரு இழுப்பு. இது மஞ்சள், அது கறுப்பு! எல்லோரும் பார்த்தார்கள். மாடுகள் திரும்பின!

எட்டாவது உலையில் கோவள மணல் இரும்பானது. முதல் இரும்பில் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆறு வீட்டுக்கும் ஆறு ஏர்க்கொழு! விற்காமல் திரும்பி வந்த மாடுகள்தான் அந்த ஏர்களை இழுத்தன ஐயா!

இதெல்லாம் இன்று காலைவரை எனக்குத் தெரியாது. ஊர்ப் பேச்சைக் கேட்டேன், உரசாமல் எழுதினேன். தபீதாள் டீச்சர் அவர் கொள்ளுப்பேத்தி. அசரியா தன் கைப்பட எழுதிவைத்த அந்த நோட்டைக் காட்டி என்னிடம் சொன்னார்: "சார், இந்தக் கல்லை இப்படியே திறந்தீங்கன்னா, எங்க தாத்தா அன்னைக்கு ரோட்டுல நின்னதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்." எனக்கு வெட்கமாகிவிட்டது.

இதோ தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'முதலில் திறப்போம், பிறகு திருத்துவோம்.' மன்னிக்க வேண்டும் தலைவரே! மாடு விற்ற பிறகா மறித்து நின்றார் அசரியா? ஊரறியச் செய்த தப்பை ஊரறியத் திருத்த வேண்டாமா? சொல்லுங்கள், வேண்டாமா?

கை தட்டுகிறீர்கள். தலைவரும் தட்டுகிறார்! கலீல் பாய், உளி இருக்கிறதா?

"உளி இல்லாம எங்க சார் போவேன்? கல்லுக்குப் பின்பக்கம் காலியாத்தான் கீது. திருப்பி வெச்சு செதுக்கிட்றேன்!"

ஏறி வாருங்கள் மேடைக்கு! பெரிதாகச் செதுக்குங்கள், பாய்: 'ஐசக் அசரியா. தங்கம் இல்லை என்று சொன்னவர்.'

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், என்னைத் திருத்திய தபீதாள் டீச்சருக்கும் நன்றி. உளிச்சத்தம் உங்கள் காதில் விழட்டும், நான் உட்காருகிறேன். வணக்கம்!