வேட்டி இல்லாத மாப்பிள்ளை

எண்ணூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னா நைனா, எங்க அக்கா போன்ல கல்யாணப் பொண்ணுக்கு முடியே இல்ல. சம்மந்தி போன்ல மாப்ளைக்கு வேட்டி இல்ல. கல்யாணத்தையே நிறுத்திடுவோம்னு குதிக்கிறாங்க."

அவர் பக்கத்திலிருந்த கல்யாண வீடியோக்காரர் அசரவில்லை. "நிச்சயதார்த்த வீடியோலருந்து படத்த எடுத்து, பின்னாடி இருந்த செவுத்த அழிச்சிட்டேன் மாமு. அழிச்ச எடத்துல கலரே இல்ல, ஒவ்வொரு போனும் அதும் இஷ்டத்துக்கு ஒண்ண காட்டும். அக்கா போன் அங்க கறுப்பு காட்டுது, முடி அதுல கலந்துடுச்சு. சம்மந்தி போன் வெள்ளை காட்டுது. வேட்டியும் வெள்ளைதானே?"

படத்துக்குப் பின்னால் நீல நிறம் வைத்து, இரண்டு வீட்டுக்கும் அனுப்பினார். திருவொற்றியூர் வருவதற்குள் அக்கா கூப்பிட்டுவிட்டார்.

"சம்மந்தி சிரிச்சிட்டாங்களாம், கல்யாணம் நடக்கும்," என்றார் முன்சீட்டுக்காரர். "படம் சரியானா தீ மிதிக்கறதா அக்கா வேண்டிகினு இருந்துச்சாம்."

"பாவம், அக்காவா மிதிக்கும்?" என்றார் வீடியோக்காரர்.

"அதுக்குக் கால்வலி. சாமிகிட்ட உன் பேரத்தான் சொல்லிகீது."