பைக்குள் வைத்த தடி

பாதர், கோல்ஃப் மட்டைகளை விமானத்தில் கொண்டுபோகிறவர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், கெட்டிப் பெட்டியையே வாங்கச் சொல்வேன். பாரம்தான், காருக்குள் இலகுவில் அடங்காது. ஆனால் துணிப் பை என்றால் எல்லாம் அதைக் கட்டுகிறவரின் கையில் இருக்கிறது.

இராயப்பு இறந்துபோனதைப் பற்றி அறிந்ததை ஒளிக்காமல் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். உடல் கிடைக்காதபடியால், இந்த வாக்குமூலம் இல்லாமல் அவருடைய மனைவி விமலராணிக்கும் எனக்கும் கலியாணம் செய்துவைக்க முடியாது என்றீர்கள். இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுக்கவேண்டாம். பையிலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காக வரும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இங்கே சிசிலியில், அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே வீட்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். இராயப்பு ஓர் இஞ்சினியர் வீட்டில் வேலை செய்தார். இருவரும் மன்னார் என்பதால் எனக்கும் அங்கே வாரம் மூன்று நாள் வேலை பிடித்துத் தந்தார். இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அவரிடம் இருந்தது. என்னிடம் இருக்கவில்லை.

அந்த மாசியில் இஞ்சினியர் ஸ்பெயினுக்கு விளையாடப் போகவிருந்தார். தகப்பன் விட்டுப்போன மட்டைகளைக் கொண்டுபோக ஒரு பை வாங்கி வரும்படி எங்கள் இருவரையும் அனுப்பினார். இராயப்பு கெட்டிப் பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சில்லு வைத்த துணிப் பையை எடுப்போம் என்றேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. காரில் ஏற்றவேண்டியவன் நான், அவ்வளவுதான்.

கடைக்காரர் சொன்னதை இராயப்பு எனக்கு விளங்கப்படுத்தினார். "துணிப் பை எண்டால் உள்ளுக்கை ஒரு தடி வைக்கவேணுமாம். ஆக நீளமான மட்டையை விட நாலு விரல் கூட. பை குத்தென விழுந்தாலும் அடி தடியிலை போகும், மட்டை முறியாது."

அந்த நாட்களில் இராயப்புவும் இஞ்சினியரின் மனைவி சின்யோராவும் குசினியில் தணிந்த குரலில் கதைப்பார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் என் பெயர் காதில் விழுந்தது. மேசையில் என் பாஸ்போட் பிரதி கிடந்தது. கோயில் பதிவுக்கு என்று சொல்லி அவர் என்னிடம் வாங்கியது அது.

"என்ன கதைச்சனீங்கள் அண்ணை?"

"ஒண்டுமில்லை. சரிவந்தால் சொல்லுறன்," என்று சிரித்தார்.

விமலராணிக்கு அப்போது வேலை இல்லை. என்னை அனுப்பிவிட்டு அவரை அந்த இடத்தில் வைக்கப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

பயணத்தன்று காலை இராயப்பு மட்டைகளின் தலைகளைத் துவாயால் சுற்றி, ஒரு தும்புத்தடியின் பிடியை அளவாக வெட்டி நடுவில் வைத்துப் பையை மூடினார். நல்ல வேலைக்காரர். நான் பையைக் கீழே கொண்டுபோய், கராஜில் வைத்துத் திறந்து, தடியை உருவிப் பூச்சட்டிகளுக்குப் பின்னால் போட்டேன்.

இஞ்சினியர் திரும்பி வந்தபோது மூன்று மட்டைகள் முறிந்திருந்தன. தடி வைத்ததாக இராயப்பு சொன்னார். பைக்குள் தடி இல்லை என்றார் இஞ்சினியர்.

"ஏர்னஸ்ற், நான் வைச்சதை நீ கண்டனிதானே?"

"நான் கவனிக்கேல்லை அண்ணை."

மட்டை முறிந்ததை இஞ்சினியர் பொறுத்திருப்பார். பொய்யைப் பொறுக்கமாட்டாத மனிதர் அவர். இராயப்புவை அன்றே வேலையிலிருந்து நிற்பாட்டினார். வேலைக் கடிதம் இல்லாதபடியால் அவருக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்படவில்லை. பிறகு வுச்சீரியாச் சந்தையில் மீன்பெட்டி தூக்கப் போனார். வீட்டில் சாப்பிடும்போது என்னைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காத மனிதர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அதனால் சீசா என்ற பகுதியிலுள்ள ஒரு தொலைபேசிக் கூண்டிலிருந்து பொலிஸ் கந்தோரான கொஸ்தூராவுக்கு எடுத்து, பத்திரம் இல்லாத ஒருவர் எந்த மீன்கடையில் எத்தனை மணிக்கு நிற்பார் என்று பொலிசுக்குச் சொன்னேன். அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். இரண்டு கிழமைக்குள் அவர் கொழும்பில் இருந்தார்.

அவரை விமானம் ஏற்றிய அன்று சின்யோரா என்னிடம் ஒரு கடித உறையைத் தந்தார். உள்ளே என் பெயரில் வேலை ஒப்பந்தம். "உனக்கு இதைச் செய்துதரச் சொல்லி இரண்டு மாதமாக இராயப்பு என் பின்னால் திரிந்தான். உயிர்த்த ஞாயிறன்று உன்னிடம் கொடுக்க ஆசைப்பட்டான்," என்றார். எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது அப்படித்தான். சின்யோரா சொன்னது உண்மையோ தெரியாது. தனக்கு ஒரு லாபம் இல்லாமல் இன்னொருவரின் பத்திரத்துக்காக யார் கெஞ்சித் திரிவார்கள்?

மனைவியிடம் திரும்பி வருவதற்காக அடுத்த மாரிகாலம் அவர் படகேறினார். சிசிலிக் கரையை அடையமுன் படகு மூழ்கியது. தப்பி வந்த அகஸ்ரின், இராயப்பு தனக்குப் பக்கத்தில் இருந்ததாகவும் தண்ணீருக்குள் போனதைத் தன் கண்ணால் கண்டதாகவும் சொல்கிறார். அவர் சீசாவில் இருக்கிறார், நீங்கள் விசாரிக்கலாம்.

விமலராணிக்கு இந்தப் பை விஷயம் தெரியாது. அவர் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான்தான் சமைத்துக் கொடுத்தேன், பூசைக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இப்போது இடைக்கிடை சிரிக்கிறார்.

நீங்கள் தந்த படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: 'அன்னாரின் மரணத்தில் உமக்கு ஏதும் பங்கு உண்டா?' அந்தப் படகில் நான் இருக்கவில்லை. 'இல்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறேன்.